ஏழையின் படக்கலை: அதன் சரித்திரமும் சாதனமும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார், லெபோ பினாங், லெபோ குவீன் முதலிய தெருக்கள் சேர்ந்த பகுதியை இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கிறார்கள். பழைய தமிழருக்கு அது ‘கடைத்தெரு’. 1801-இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அதன் அருகிலேயே இருக்கின்றன. அத்தெருவில் காலடி வைத்தவுடன் மூக்கிற்கு மசாலை வாசனையும் காதிற்குச் சினிமாப் பாட்டும் வந்து சேரும். இசைத்தட்டு விற்ற காலம் போய், ஒலிநாடா விற்ற காலம் போய், படத்தகடு விற்ற காலமும் போய்விட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. தோட்டத்திலிருந்து சம்பள நாளில் பட்டணம் வந்தவரும், பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவரும், சென்னையிலிருந்து வந்த படத்தையே தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

பார்த்தது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமலிருக்க முடியவில்லை. இத்தனை படங்களிலே நம்முடைய லயத்து வீடும், விடியற்காலைப் பெரட்டுக் களமும், பால்வெட்டுக்காரியின் வாளியும், பட்டணத்துச் சுமைக்காரரின் தோளும் எத்தனை படத்தில் இடம்பெற்றன? பார்ப்பதற்கு நூறாண்டுப் பழக்கமுள்ள ஒரு சமூகம், தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ள ஏன் இவ்வளவு காலம் தாமதித்தது?

“பணமில்லை, கருவியில்லை” என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் விடை. அந்த விடை எக்காலத்தில் உண்மையாயிருந்தது, எக்காலத்தில் வெறும் சாக்காக மாறியது என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சியின் முடிவில் கையிலுள்ள சிறு கருவியைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லக் கருதுகிறோம்.

மோட்டார் சாமான் வியாபாரியின் காமிரா

தென்னாட்டில் முதற்கதைப்படம் எடுத்தவர் ஜமீன்தாருமல்லர், பெரிய கம்பெனியாருமல்லர். சென்னையில் மோட்டார் உதிரிச் சாமான் வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் என்பவரே அவர். 1913-இல் தாதாசாகேப் பால்கே பம்பாயில் ‘ராஜா அரிச்சந்திரா’வை வெளியிட்டிருந்தார். அத்தகைய படங்களைக் கண்டு ஆசைகொண்ட முதலியார், பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் சென்று காமிராவைக் கையாளும் முறையைக் கற்றுக்கொண்டார். தஞ்சாவூரில் ஒரு செல்வரிடமிருந்து வில்லியம்சன் காமிரா ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினார் என்பர். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவில் அவருடைய ‘ஸ்டூடியோ’ அமைந்தது. அங்கே 1917, 1918-ஆம் ஆண்டுகளை ஒட்டி ‘கீசக வதம்’ உருவாயிற்று.

அக்காமிராவில் மின்சார மோட்டாரும் கிடையாது, ஒலிவாங்கியும் கிடையாது. கைப்பிடியைக் கையால் சுழற்ற வேண்டும். வினாடிக்குப் பதினாறு படமென்று மனத்தில் எண்ணிக்கொண்டே சுழற்ற வேண்டும். கை சற்று வேகமானால் திரையில் மனிதன் நொண்டுவான்; கை தளர்ந்தால் பறப்பான். விளக்குகளும் இல்லை, சூரியனே விளக்கு. அச்சூரியனும் நேராக முகத்தில் விழுந்தால் கண்குழி கறுத்துப் போகுமாதலால், திறந்த வெளியில் நடிகருக்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலை வடிகட்டினார்கள். படமெடுத்த சுருளைக் கழுவுவதற்குப் பெங்களூரில் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படம் சுமார் 6,000 அடி நீளமிருந்தது. 35,000 ரூபாய் செலவில் ஆகி, 50,000 ரூபாய் ஈட்டியதென்று படக்கலைச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அது இந்தியாவோடு நின்றுவிடவுமில்லை. பர்மா, இலங்கை, மலாய் நாடுகள், சிங்கப்பூர் முதலிய இடங்களிலும் காட்டப்பட்டது என்பது நமக்கு முக்கியமான செய்தி. தமிழ் முதலாளி ஒருவரின் முதற்படத்திற்கு இலாபம் கொடுத்தவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு! ஆனால் அந்தப் படத்தின் ஒரு பிரதியும் இன்று இல்லை. எடுத்தவர்கள் எடுத்தார்கள், காத்துவைப்பதற்கு வழி தெரியவில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

குரல் வந்தது, செலவும் வந்தது

1931-இல் ‘காளிதாஸ்’ வந்தது. படம் பேசத் தொடங்கிற்று. பேசத் தொடங்கியதும் ஏழையின் வாய் அடைபட்டது என்று சொல்லலாம். ஊமைப்படத்திற்கு ஒரு காமிராவும் ஒரு வெள்ளைத் துணியும் போதுமாயிருக்க, பேசும்படத்திற்கு ஒலிப்பதிவு யந்திரமும், சத்தம் புகாத கட்டிடமும், மின்சார விளக்கும் வேண்டியதாயின. சென்னையில் அவை இல்லாமையால், தமிழ்ப்படம் எடுப்பதற்கு நடிகர் கூட்டத்தை ரயிலேற்றிப் பம்பாய்க்கும் கல்கத்தாவிற்கும் அழைத்துச் சென்றார்கள்.

இந்நிலையை மாற்றியவர் ஏ. நாராயணன். 1934-இல் சென்னையிலேயே ‘ஸ்ரீநிவாஸ் சினிடோன்’ என்ற பேசும்பட ஸ்டூடியோவை அவர் நிறுவினார். அங்கே ஒலிப்பதிவை நடத்தியவர் அவருடைய மனைவியார் மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதற்பெண் ஒலிப்பதிவாளரென்று அவரைச் சொல்லுகிறார்கள். பெண்ணுக்கு அடுப்பங்கரையே தகுதியான இடமென்று பேசிக்கொண்டிருந்த அக்காலத்தில், படத்தின் மிகக் கடினமான பகுதியை ஒரு பெண்மணி கையாண்டு காட்டினார். நடிகைகளின் பெயரை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இவருடைய பெயர் தெரியும்?

மீனாட்சி அம்மையாரின் தொழில் நமக்கு ஒரு பாடத்தையும் வைத்துச் சென்றிருக்கிறது. பார்வையாளர் மங்கிய படத்தைப் பொறுத்துக்கொள்வர். விளங்காத குரலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். குறைந்த செலவில் எடுக்கும் எவரும் முதலில் கெடுத்துக்கொள்வது ஒலியைத்தான்.

50,000 அடியும் ஒரு கத்தரியும்

இனி படத்தொகுப்பின் கதைக்கு வருவோம். எடிட்டிங் என்றால் வேண்டாததை வெட்டியெறிவது என்பதே பலருடைய எண்ணம். அக்கலை வறுமையிலேதான் வளர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ருஷ்யப் புரட்சிக்குப் பிறகு அந்நாட்டில் புதுப் படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது மாஸ்கோவில் லெவ் குலஷோவ் என்ற ஆசிரியர், மாணவர்களுக்குப் பழைய படங்களையே துண்டுதுண்டாக வெட்டி மறுபடி ஒட்டிப் பார்க்கும் பயிற்சி கொடுத்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை அடுத்து ஒரு கிண்ணம் உணவை வைத்தால் பார்ப்பவர் பசியைக் கண்டனர். அதே முகத்தை அடுத்துச் சவப்பெட்டியை வைத்தால் துக்கத்தைக் கண்டனர். முகம் மாறவில்லை, பக்கத்திலிருந்தது மாறிற்று. படத்தின் பொருள் துண்டுகளின் வரிசையில் பிறக்கிறதென்பதைச் சுருள் வாங்கக் காசில்லாத ஒரு நாடு உலகத்திற்குக் கற்பித்தது.

தமிழரில் இந்த உண்மையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911-இல் பிறந்து, ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தி, பின் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் செல்லும்போது, காந்தியாரைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் செய்யவேண்டுமென்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவர் இளைஞர்தான். ஸ்டூடியோ இல்லை, நடிகர் இல்லை, அரசாங்கத்தின் ஆதரவு இல்லையென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் என்ன செய்தார்? புதிதாக எல்லாவற்றையும் எடுக்க முயலவில்லை. முப்பதாண்டுக் காலத்தில் பல நாட்டுக் காமிராக்காரர்கள் அங்கங்கே எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடிக் கண்டங்களைச் சுற்றினார். தாமும் சில பகுதிகளை எடுத்தார். சேர்ந்தது ஏறத்தாழ 50,000 அடி. பேசும்படச் சுருள் நிமிஷத்திற்கு 90 அடி ஓடும். ஆகவே சேர்ந்தது ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட படம். அதிலிருந்து சுமார் 12,000 அடியைத் தேர்ந்தெடுத்து, தமிழில் விளக்கவுரை சேர்த்து, 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்டார். நாலு அடிக்கு ஓரடி வீதம் நின்றது, மற்றது வெட்டுப்பட்டது. அந்த நாலில் எது அந்த ஒன்று என்று தீர்மானிக்கும் அறிவே இப்படத்தின் மூலதனம்.

இப்படத்தின் பிற்காலக் கதையும் நமக்கு வேண்டும். 1940-இல் வெளியான தமிழ்ப்பிரதி காணாமற்போயிற்று. பிறகு 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில விளக்கவுரையோடு தயாரிக்கப்பட்ட ஒரு சுருக்கப் பதிப்பை, சரித்திரப் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார். கண்டங்களைச் சுற்றிச் சேர்த்த செல்வம், அயல்நாட்டு அலமாரியொன்றில் எஞ்சியிருந்த பிரதியால்தான் ஓரளவு நமக்குத் திரும்பிற்று.

மலாயாவில் நடந்தது

இது நிற்க. நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். மலாயாவில் படக்கருவியே இல்லையா, அதை ஆளத் தெரிந்த இந்தியர் இல்லையா என்றால், இரண்டும் இருந்தன.

சிங்கப்பூரில் 1930-களில் வெளிவந்த ‘லைலா மஜ்னுன்’ என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்தியர். போருக்குப் பின் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவை நடத்தியபோது, அங்கே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டவர்களே. அவர்களுள் எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பினாங்கிலே 1929-இல் பிறந்த ஓர் இளைஞருக்கு 1950-இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் கதாநாயகப் பாத்திரம் கொடுத்தவர் இந்தக் கிருஷ்ணன்தான். அந்த இளைஞரே பி. ரம்லி. அவர் நடித்து, பாடி, இசையமைத்து, 1955-இல் ‘பெனாரெக் பெச்சா’ என்ற படத்தைத் தாமே இயக்கவும் செய்தார். ரிக்‌ஷா இழுக்கும் ஓர் ஏழையே அப்படத்தின் நாயகன். இன்று பினாங்கில் அவர் பிறந்த வீட்டைக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

இது பெருமைப்படத்தக்கதே. மலாய்ச் சகோதரர்களுடைய கலைவளர்ச்சிக்கு நம்மவர் கைகொடுத்தனர். ஆனால் அதே காலத்தில் நம்முடைய தோட்ட வாழ்க்கையைத் தமிழில் படமாக்க முதலாளி எவரும் துணியவில்லை. ஸ்டூடியோவும் சுருளும் ஆய்வுக்கூடமும் முதலாளியின் கையில் இருந்தன. சென்னைப் படத்தை வாங்கிக் காட்டினால் இலாபம் நிச்சயம். இங்கே எடுத்தால் நஷ்டம் நிச்சயமென்பது அவருடைய கணக்கு. அக்கணக்கில் பிழை காணுவது கடினம். 35 மில்லிமீட்டர் சுருளில் ஆயிரம் அடிச் சுற்று ஒன்று பதினொரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வாங்கும் விலை ஒன்று, கழுவும் கூலி ஒன்று, பிரதி எடுக்கும் கூலி ஒன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால், ஒரு நிமிஷப் படமே எட்டாக்கனியாயிருந்தது.

1946-இல் அரசாங்கம் மலாயன் பிலிம் யூனிட்டை நிறுவிற்று. அதன் செய்திப்படங்களை மோட்டார் வண்டிகளில் ஏற்றிக் கிராமத்திற்கும் தோட்டத்திற்கும் கொண்டுவந்து, திடலில் வெள்ளைத்திரை கட்டிக் காட்டினர். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் விளக்கம் சொன்னார்கள். தோட்டத்து மக்கள் திரையிலே தங்களைக் கண்டதுண்டு. ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது, என்ன விளக்கம் சொல்வது என்பவற்றை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர். ஒருவனைப் பற்றி மற்றவன் எழுதிய சாட்சியம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், அது அவனுடைய சொந்த வாக்குமூலம் ஆகிவிடாது.

ஆகவே, அக்காலத்தில் “கருவியில்லை” என்ற விடை உண்மையே என்று ஒப்புக்கொள்கிறோம்.

தடை நீங்கிய விதம்

அத்தடை எப்போது நீங்கிற்று? 1995-இல் சிறு நாடாவில் டிஜிட்டல் முறையில் படம் பதியும் காமிராக்கள் கடைக்கு வந்தன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நாடா ஒரு மணி நேரம் ஓடும், கழுவ வேண்டியதில்லை, பிரதியெடுத்தால் தேய்வதில்லை. 1998-இல் டென்மார்க் தேசத்தார் சிலர் வீட்டு உபயோகக் காமிராவைக்கொண்டே ‘பெஸ்டன்’ என்ற படத்தை எடுத்து, கான் நகர விழாவில் பரிசு பெற்றனர். 2002-இல் வினாடிக்கு 24 படம் பதியும் சிறு காமிராவைப் பானசோனிக் கம்பெனியார் வெளியிட்டார்கள். திரைப்படத்தின் சாயல் சாதாரண மனிதனுக்குக் கிட்டிற்று.

தொகுப்பிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. சுருளைக் கத்தரித்துப் பசையிட்டு ஒட்டிய மேசை போய், கணினி வந்தது. தமிழில் 1994-இல் வெளிவந்த ‘மகாநதி’, ஆவிட் என்ற கணினி முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப்படமெனச் சொல்லப்படுகிறது. 2004-இல் பி. சி. ஸ்ரீராம் ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டல் காமிராவில் எடுத்தார்.

மலேசியாவில் அமீர் முகம்மதுவின் ‘லிப்ஸ் டு லிப்ஸ்’ என்ற படம் 2000-இல் டிஜிட்டல் முறையில் வந்தது. மலாய், சீன, இந்திய இளைஞர் பலர் சிறு காமிராவும் நண்பர் உதவியுமாகப் படமெடுக்கத் தொடங்கினர். அந்த அலையிலே 2005-இல் தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ தோன்றிற்று. 1960-களின் பிற்பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம். அதில் பல்கலைக்கழகம் சென்று படிக்க ஆசைப்படும் சாந்தா என்ற பெண். தம் தாயாரின் இளமை நினைவுகளை ஆதாரமாகக்கொண்டு இயக்குநர் இதனைச் செய்தார். ஆடம்பரமான அரங்கு இல்லை. புகழ்பெற்ற நட்சத்திரம் இல்லை. பிரான்சிலுள்ள நாந்த் நகரத்து மூன்று கண்டங்களின் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. லயத்து வீட்டின் அடுப்புப் புகையை ஐரோப்பியர் உட்கார்ந்து பார்த்தனர்.

பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் 1990-களின் தொடக்கத்தில் புறம்போக்குக் குடியிருப்பில் என்ன ஆயின, அவர்களுடைய பிள்ளைகள் எப்படி வழிதவறினார்கள் என்பதை அப்போய் என்ற சிறுவனின் கண்வழியாக அது காட்டிற்று. ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல்லை நம்மவர் உச்சரிக்கும் விதமே படத்தின் பெயர். 2016-இல் நடந்த 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமென்ற விருது அதற்குக் கிடைத்தது. மலாய் மொழியல்லாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கி வைத்ததை எதிர்த்து, கலைஞர்கள் பலர் இனபேதமின்றிக் குரல் கொடுத்த ஆண்டும் அதுவே.

இவ்விரு படங்களும் சரித்திரத்திற்குக் கொடுக்கும் தீர்ப்பு யாதெனில், “கருவியில்லை” என்ற விடை காலாவதியாகிவிட்டது என்பதே.

இன்றைய கருவி: என்ன வேண்டும், என்ன வேண்டாம்

இன்று கடைத்தெருவில் நடந்துபோகும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் நடராஜ முதலியார் கனவிலும் காணாத காமிரா இருக்கிறது. ஆயினும் புதுக் காமிரா வாங்கினால்தான் படமெடுக்கலாம் என்று காத்திருப்போர் அநேகர். கடன்பட்டுக் காமிரா வாங்கி, அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போரும் உண்டு. நகையாசையைக் கண்டித்த நாம் இந்த யந்திர ஆசையையும் கண்டிக்கவே வேண்டும். இருக்கும் கைப்பேசியைக்கொண்டே தொடங்கலாம். மேற்கண்ட சரித்திரம் கற்பிக்கும் முறைகள் இவை.

முதலாவது ஒளி. நம் நாடு பூமத்தியரேகையை அடுத்திருப்பதால் நடுப்பகல் வெயில் உச்சியிலிருந்து விழும். முகம் பாதி கறுக்கும். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பின்பும் எடுப்பது நலம். உச்சிவேளையில் எடுத்தே ஆகவேண்டுமானால் முதலியார் செய்தபடி மெல்லிய வெள்ளைத் துணியை மேலே கட்டுங்கள். வீட்டினுள் என்றால், பேசுபவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்துங்கள். சன்னலை அவர் முதுகுக்குப் பின்னால் விடாதீர்கள்.

இரண்டாவது காமிரா. கைப்பேசியைப் படுக்கை வசமாக வைத்து, முக்காலியிலோ அரிசிப் பையின் மேலோ நிறுத்துங்கள். கண்ணாடியைத் துடையுங்கள். எட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் வசதியைத் தொடாமல், நீங்களே நடந்து கிட்டப் போங்கள். ஒளியின் அளவையும் வண்ணத்தையும் யந்திரம் தானாக மாற்றிக்கொண்டே இராதபடி பூட்டி வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று உடையது. ஆதலால் வினாடிக்கு 25 படம், ஒரு படத்திற்கு ஐம்பதில் ஒரு வினாடி ஒளி என்று அமைத்தால், குழல் விளக்கின் அடியிலும் படம் துடிக்காது. எந்தக் காட்சியையும் பத்து வினாடிக்குக் குறையாமல் அசையாது பிடியுங்கள்.

மூன்றாவது ஒலி. காசு செலவழிப்பதானால் முதற்காசை இதற்கே செலவழியுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு ஒலிவாங்கியை மோவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்தினால், இரண்டு முழத்திற்கு அப்பாலுள்ள விலையுயர்ந்த காமிராவின் காதைவிட அது நன்றாகக் கேட்கும். அதுவும் இல்லையென்றால் இன்னொரு கைப்பேசியைப் பேசுபவரின் மேசைமேல் வைத்து ஒலியைத் தனியே பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டில் பொருத்திக்கொள்ளலாம். மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்துங்கள். தகரக்கூரையில் மழை இறங்கினால் பேச்சை நிறுத்திக் காத்திருங்கள். ஆனால் அந்த மழையின் சத்தத்தை மட்டும் தனியே பதிந்து வையுங்கள். ஒவ்வோரிடத்திலும் ஒருவரும் பேசாத அரை நிமிஷ அமைதியையும் பதிய வேண்டும். வெட்டிய இடங்களை மறைத்து ஒட்டும் பசை அதுதான்.

நான்காவது தொகுப்பு. கணினித் தொகுப்புக்குக் காசில்லையென்று சொல்லவும் இன்று இடமில்லை. டாவின்ச்சி ரிசால்வ் என்ற தொழில்முறைக் கருவிக்கு இலவசப் பதிப்பு உண்டு. கேடென்லைவ் என்பது முழுதும் இலவசம். ஆனால் கருவி இலவசமானதால் வந்த தொல்லையும் ஒன்றுண்டு. சுருளுக்கு விலையிருந்த காலத்தில் எடுப்பதற்கு முன்பே மனிதன் யோசித்தான். இப்போது யோசியாமல் நாற்பது மணி நேரம் எடுத்து வைத்துவிட்டு, அந்தக் குவியலைக் கண்டு பயந்து ஓடிவிடுகிறான். இதற்கு மருந்து காகிதமும் பென்சிலும்தான். எடுத்தவற்றை முழுதும் ஒருமுறை பாருங்கள். எந்த நிமிஷத்தில் யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியைத் தொடாமல் காகிதத்திலேயே வரிசை எழுதுங்கள். முதல் தொகுப்பு இரண்டு மணி நேரமானால் அதை ஒரு வாரம் மூடிவைத்து, மறுபடி பார்த்து, பாதியாக்குங்கள். ஒரு பாட்டி பால்வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது குரலை ஓடவிட்டு, முகத்திற்குப் பதிலாக அவருடைய கையையும், மங்கையும், கத்தி பிடித்துத் தழும்பேறிய விரலையும் காட்டுங்கள். பேச்சில் வெட்டிய இடமும் மறையும். பேச்சின் பொருளும் பெருகும். சென்னைப் படத்தின் பின்னணி இசையைத் திருடி ஒட்டாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். பாட்டியின் குரலையும் அது அமுக்கிவிடும்.

ஐந்தாவது காப்பு. ‘கீசக வதம்’ போன வழியும், செட்டியார் படம் போய் வந்த வழியும் தெரிந்த பிறகும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டிருப்பவன் அறிவாளியாகான். நல்ல தெளிவில் எடுத்தால் ஒரு மணி நேரப்படம் சுமார் 45 கிகாபைட் இடம் பிடிக்கும். அதனை மூன்று பிரதிகளாக எடுத்து, ஒன்றையாவது வேறு ஊரில் வையுங்கள். யார் பேசுகிறார், எந்தத் தோட்டம், எந்த நாள் என்பவற்றை எழுதி உடன் வையுங்கள். பெயரில்லாத முகம் ஐம்பது ஆண்டு கழித்து யாருக்கும் உதவாது.

எதை எடுப்பது?

கருவியைப் பற்றி இவ்வளவு சொன்னது, எடுக்க வேண்டியது காத்திராது என்பதனால்தான். பினாங்கின் எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை எனப்படும் பழைய புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் மடிந்த தோட்டத் தமிழரின் கதையைச் சொல்லக்கூடியவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் உயிரோடிருந்தபோது காமிராவிற்கு விலை அதிகம். காமிரா மலிந்தபோது அவர்கள் இல்லை. இந்த நஷ்டத்தை எந்தக் கருவியாலும் இனி ஈடுசெய்ய முடியாது.

ஆனால் அடுத்த தலைமுறை இருக்கிறது. லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, தோட்டம் விற்கப்பட்டபோது சட்டிபானையோடு வெளியேறியவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் நம் வீட்டு முன்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கடைத்தெருவில் பூ கட்டுகிறவரும், மாவு அரைத்தவரும், துணிக்கடைக் கணக்கப்பிள்ளையும் அவ்வாறே இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சுத்தமிழிலே மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்திருக்கும் விதத்தைச் சென்னைப் படம் ஒருநாளும் பதிவு செய்யப்போவதில்லை. அதற்கு அவசியமும் அவர்களுக்கு இல்லை. அது நம்முடைய வேலை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தாரும் வாசகசாலைக்காரரும் நினைத்தால், ஒவ்வோர் ஊரிலும் இரண்டு கைப்பேசியும் ஒரு ஒலிவாங்கியும் ஒரு கணினியும் கொண்டு இவ்வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். பெண்பிள்ளைகளை நடிக்க மட்டும் அழைக்காமல், ஒலிப்பதிவிலும் தொகுப்பிலும் அமர்த்துங்கள்; 1934-இல் மீனாட்சி நாராயணன் செய்ததை இன்று செய்வதற்குத் தடை என்ன? முதற்படம் கோணலாக வரும். இரண்டாம் படத்தில் ஒலி சரியாகும். மூன்றாம் படத்தில் எதை வெட்டுவதென்று தெரியும்.

அண்ணன் மணந்தால் மாலை, அடுத்த வீட்டார் மணந்தால் வேடிக்கை என்று மற்றவர் வாழ்க்கையைத் திரையில் வேடிக்கை பார்த்தது போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலுள்ள மூத்தவரைச் சன்னலோரம் உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, “முதன்முதல் வேலைக்குப் போன நாளைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கிய பின் நீங்கள் குறுக்கே பேசாமலிருந்தால், அதுவே நல்ல இயக்குநருக்குரிய முதற்பாடம்.